ஐ.சி. பாவம் பாஸ்... அதை விட்டுடுங்க!

லேப்ல அவுட்புட் வரலைன்னா நீங்க முதல்ல என்ன பண்ணுவீங்க? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. ஐ.சி.யை மாத்துவீங்க. அப்பவும் வரலையா... பக்கத்து டேபிள் ஐ.சி.யைச் சுட்டுட்டு வந்து செருகுவீங்க. அதுக்கும் மசியலைன்னா வயரைப் பிடிச்சு ஆட்டுவீங்க. கடைசியா சீனியரோட ரெக்கார்டு நோட்டைத் திறந்து வெச்சு, கிராஃப் ஷீட்டுல ஒரு அழகான சைன் வேவ் வரைஞ்சு, 'அவுட்புட் வெரிஃபைடு'ன்னு எழுதிட்டு கேன்டீனுக்குக் கிளம்பிடுவீங்க.

கோவிச்சுக்காதீங்க. ரெண்டாவது வருஷம் முழுக்க நானும் இதே கேஸ்தான். என் ரெக்கார்டு நோட்டுல இருக்கிற சைன் வேவ் எல்லாம் என் ஸ்கேலும் பென்சிலும் சேர்ந்து உற்பத்தி பண்ணினது. எந்த சர்க்யூட்லயும் அது வந்ததே இல்லை. அதனால ஒரு பாதகமும் வரலை, மார்க்கும் குறையலை.

மினி பிராஜெக்ட்ல மூணு பாட்டில் தண்ணி வந்து சேர்ந்தது. அங்கேதான் மாட்டினோம்.

எங்க டீம்ல மூணு பேர். ஒருத்தன் திருச்சி, இன்னொருத்தன் ராம்நாடு. (ஹாஸ்டல்ல யாருக்குங்க சொந்தப் பேரு இருக்கு? ஊர்தான் பேரு.) மூணாவது ஆள் நான். தண்ணில உப்பு எவ்வளவு இருக்குன்னு காட்டுற மீட்டர் செய்யணும்னு பிடிவாதம் பிடிச்சவன் ராம்நாடு. ராமநாதபுரம் பக்கத்துக் கடலோரக் கிராமம் அவனுக்கு. வீட்டு போர்ல வர்ற தண்ணி உப்பு, குடிக்க முடியாது. குடத்துக்கு இவ்வளவுன்னு காசு கொடுத்து லாரித் தண்ணி வாங்கறாங்க. அவங்க அம்மா கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. "குடிக்கிறதுக்கு லாரித் தண்ணி இருக்கட்டும்டா. சமையலுக்காவது நம்ம போர் தண்ணியை வெச்சுக்கலாமா? இல்லேன்னா கோயில் கிணத்துத் தண்ணியா? பருப்பு ரெண்டுலயும் வேகமாட்டேங்குது. எதுல உப்பு கம்மின்னு பார்த்துச் சொல்லு."

கேட்டதோட விடலை. ஊர்ல இருந்து பஸ்ல வந்தவன் கையில மூணு பாட்டில். ஒட்டின பேப்பர்ல அம்மா கையெழுத்து: போர், கிணறு, லாரி.

இந்த இடத்துல ஒரு நிமிஷம் விஷயத்துக்குள்ள போயிடுவோம். தண்ணில உப்பு கூடக் கூட மின்சாரம் ஈஸியா பாயும். ரெண்டு எவர்சில்வர் தகட்டை முக்கி, வோல்டேஜ் கொடுத்து, எவ்வளவு கரன்ட் போகுதுன்னு அளந்தா உப்பு எவ்வளவுன்னு தெரிஞ்சுடும். அப்போ ஒரு பேட்டரியை மாட்டினா வேலை முடிஞ்சுதே? நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். 9 வோல்ட் பேட்டரியை மாட்டினதும் தகட்டுல குபுகுபுன்னு குமிழி. ரீடிங் நிமிஷத்துக்கு நிமிஷம் நழுவுது. காரணம், டி.சி. ஒரே திசையில பாயும். அயனிகள் எல்லாம் தகட்டுக்கிட்ட போய்க் கூட்டம் போட்டுடும், தண்ணியும் மின்பகுப்பு ஆகிடும். நீங்க அளக்கறது அந்தத் தகட்டுத் தகராறைத்தான், தண்ணியை இல்லை. அதனாலதான் ஏ.சி. கொடுக்கணும். விநாடிக்கு 2,000 தடவை திசை மாறினா அயனிகளுக்கு ஒரு பக்கமா கூடி உட்கார நேரமே கிடைக்காது.

(ஏ.சி.ன்னதும் சுவத்து பிளக்கைப் பார்க்காதீங்க சாமி! 230 வோல்ட்டுக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை. தண்ணியும் மெயின்ஸும் ஒரே டேபிள்ல இருக்கவே கூடாது.)

1 கிலோஹெர்ட்ஸ் சைன் வேவை ஃபங்ஷன் ஜெனரேட்டர் தரும். அதை 1 வோல்ட் உச்சத்துல இருந்து 5 வோல்ட் உச்சத்துக்குப் பெருக்கி தண்ணிக்குள்ள தள்ளுறது ஆப்-ஆம்ப்போட வேலை. நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச 741தான், எட்டு கால் கறுப்புப் பூச்சி. 1968-ல் ஃபேர்சைல்டு கம்பெனியில டேவ் ஃபுல்லகர் வடிவமைச்சது. நம்ம தாத்தா காலத்து ஐ.சி.தான், ஆனா இன்னிக்கும் நம்ம லேப் டிராயர்ல அதுதான் ராஜா. பிளஸ் 12, மைனஸ் 12 சப்ளை. ஃபீட்பேக்குக்கு 40 கிலோ ஓமும் 10 கிலோ ஓமும் போட்டா கெயின் 5. தண்ணி வழியா போற கரன்ட் கடைசியில ஒரு 10 ஓம் ரெசிஸ்டர் வழியா கிரவுண்டுக்கு வரும். அந்த 10 ஓம் மேல எத்தனை மில்லிவோல்ட்னு பார்த்தா கரன்ட் தெரிஞ்சுடும். பேப்பர்ல சும்மா பளிச்சுனு இருந்துச்சு!

பிரெட்போர்டுல போட்டோம். பவர் ஆன். சி.ஆர்.ஓ.வுல சைன் வேவ். மூணு பேரும் கை தட்டி முடிக்கறதுக்குள்ள அலை மெதுவா கீழே சரிய ஆரம்பிச்சது. ரெண்டு மூணு விநாடிதான்... திரையோட அடிமட்டத்துல போய் ஒட்டிக்கிட்டு, தட்டையான கோடு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா திரும்பவும் அதே கூத்து. முதல்ல நல்ல அலை, அப்புறம் சரிவு.

"ஐ.சி. போச்சு மச்சி" என்றான் திருச்சி. சொல்லி வெச்ச மாதிரி! மாத்தினோம். அதே சரிவு. இன்னொண்ணு மாத்தினோம். அதே. மறுநாள் ரிச்சி ஸ்ட்ரீட் போய் புதுசா அஞ்சு வாங்கிட்டு வந்துடலாம்னு அவன் சட்டைப்பையைத் தடவ ஆரம்பிச்சுட்டான்.

யோசிச்சுப் பாருங்க. செத்துப்போன ஐ.சி. ரெண்டு விநாடி ஒழுங்கா வேலை செய்யுமா? மூணு ஐ.சி.யும் ஒரே மாதிரி, ஒரே திசையில, ஒரே வேகத்துல சாகுமா? ஆனா அன்னிக்கு எங்க மூளைக்கு இது உறைக்கலை. உறைக்க வெச்சது ஒரு தற்செயல். உள்ளே வர்ற சிக்னல் சரியா இருக்கான்னு பார்க்க, சி.ஆர்.ஓ. ப்ரோபை 3-வது கால்ல வெச்சேன். அவுட்புட் சட்டுனு சரியாயிடுச்சு! ப்ரோபை எடுத்தேன். மூணு விநாடியில சரிஞ்சுடுச்சு. வெச்சா வருது, எடுத்தா போகுது. டாக்டர் வந்து நாடியைப் பிடிச்சா காய்ச்சல் இறங்கி, வாசல் தாண்டினதும் ஏறுமே, அந்த மாதிரி.

ப்ரோப் அங்கே என்ன பண்ணுது? சிக்னலைப் பார்க்குது. அதோட, அது உள்ளுக்குள்ள 1 மெகா ஓம் ரெசிஸ்டரா கிரவுண்டோட சேர்ந்திருக்கு. அப்போ சர்க்யூட்டுக்கு வேண்டியிருந்தது அந்த ரெசிஸ்டர்தானே?

அதேதான். ஜெனரேட்டர்ல இருந்து டி.சி. ஏதும் கலந்து வந்துடக் கூடாதுன்னு நான்தான் புத்திசாலித்தனமா வழியில 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒண்ணைப் போட்டிருந்தேன். 741-ஓட உள்ளீட்டுக் கால் சும்மா எட்டிப்பார்க்கிற கால் இல்லை. உள்ளே இருக்கிற டிரான்சிஸ்டர் உயிரோட இருக்க துளியூண்டு டி.சி. கரன்ட் வேணும். பொதுவா 80 நானோஆம்பியர்னு டேட்டாஷீட் சொல்லுது. கெபாசிட்டர் டி.சி.யை விடாது. கிரவுண்டுக்கு வேற வழியும் நான் வைக்கலை. அப்போ அந்தக் கரன்டை எங்கிருந்து எடுக்கும்? கெபாசிட்டர்ல இருந்துதான் உறிஞ்சும். 80 நானோஆம்பியர், 0.1 மைக்ரோஃபாரட்... வகுத்தா விநாடிக்கு 0.8 வோல்ட் வீதம் கால் கீழே இறங்கும். கெயின் 5, அதனால அவுட்புட் விநாடிக்கு 4 வோல்ட். ரெண்டரை விநாடியில 10 வோல்ட். நாங்க வெறும் கண்ணால பார்த்த அந்த 'ரெண்டு மூணு விநாடி' அப்படியே கணக்குல வந்து நின்னுச்சு பாருங்க... எனக்குப் புல்லரிச்சுடுச்சு. பரீட்சைக்காக இல்லாம நான் போட்ட முதல் கணக்கு அது.

3-வது காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு 100 கிலோ ஓம். முடிஞ்சது வியாதி. கழட்டிப் போட்ட மூணு ஐ.சி.யும் குத்துக்கல்லு மாதிரி நல்லா இருந்துச்சு.

இப்போ பாட்டில் வாங்க. வெளியே போற வழியிலயும் ஒரு கெபாசிட்டர் போட்டோம், தண்ணிக்கு டி.சி. வாடையே போகக் கூடாதுன்னு. 220 மைக்ரோஃபாரட் ரெண்டு, முதுகோடு முதுகு சேர்த்து. மல்டிமீட்டரை ஏ.சி. மில்லிவோல்ட்ல வெச்சு 10 ஓம் மேல மாட்டினோம். லாரித் தண்ணி, 69. கோயில் கிணறு, 230 சுத்தி. வீட்டு போர், 250 சுத்தி.

"பார்த்தியா, வேலை செய்யுது!" என்றான் திருச்சி. ராத்திரி ஒன்பதரை மணி. காலையில பத்து மணிக்கு ரிவ்யூ. ராம்நாடு மட்டும் பேசாம உட்கார்ந்திருந்தான். அப்புறம் ரெண்டு பாட்டில்ல இருந்தும் ஒவ்வொரு சொட்டு விரல்ல தொட்டு நாக்குல வெச்சான்.

"போர் தண்ணி இதைவிட ரொம்பக் கரிக்கும்டா. சின்னப் பிள்ளைல இருந்து குடிச்சுப் பார்த்திருக்கேன். மீட்டர் என்ன கிட்டக் கிட்டக் காட்டுது?"

நாக்குக்குத் தெரிஞ்ச வித்தியாசம் மீட்டருக்குத் தெரியலை!

நான் அப்போ என்ன சொன்னேன் தெரியுமா? எழுதவே வெட்கமா இருக்கு. "விடு மச்சி, நாக்கெல்லாம் ஒரு இன்ஸ்ட்ருமென்ட்டா? ரிவ்யூல மூணு ரீடிங் காட்டினாப் போதும். போர் அதிகம், கிணறு கம்மி, லாரி ரொம்பக் கம்மி. வரிசை சரியாத்தானே வருது?" வரிசை சரிதான். ரெக்கார்டு நோட்டு புத்தி எங்கே போகும்?

ராம்நாடு நோட்டைத் திறந்து கணக்குப் போட்டான். தகடுகளை ஏற்கெனவே கெமிஸ்ட்ரி லேப்ல வாங்கின 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசல்ல வெச்சு அளவு பிடிச்சிருந்தோம். 25 டிகிரியில அதோட கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 1,413 மைக்ரோசீமென்ஸ். உலகம் பூரா அதை வெச்சுத்தான் மீட்டரைச் சரிபார்க்கறாங்க. அந்தக் கணக்குல எங்க ரீடிங்கைப் போட்டா, போர் தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பு லிட்டருக்கு 1,150-ல இருந்து 1,600 மில்லிகிராம்னு வந்துச்சு. இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீருக்கு 2012-ல் போட்ட விதிப்படி 500 வரை நல்லது, வேற வழியே இல்லேன்னா 2,000 வரை போகலாம்.

"இதை நான் அம்மாகிட்ட சொன்னா என்ன பண்ணுவாங்க? லிமிட்டுக்குள்ளதான் இருக்குன்னு நாளையில இருந்து போர் தண்ணியில உலை வைப்பாங்க."

யாரும் கொஞ்ச நேரம் பேசலை. திருச்சி எழுந்து போய் அணைச்சு வெச்ச சி.ஆர்.ஓ.வைத் திரும்ப ஆன் பண்ணினான்.

மல்டிமீட்டர் பத்தி ஒண்ணு சொல்லணும். சாதாரண மீட்டர் 'உள்ளே வர்றது அழகான சைன் வேவ்தான்'னு கண்ணை மூடிக்கிட்டு நம்பி, சராசரியை அளந்து, அதை 1.11 ஆல பெருக்கி நம்பரைக் காட்டும். அலை கோணலா இருந்தா அதுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல வாய் கிடையாது. நாங்க அதைப் போய் நம்பினோம்.

சி.ஆர்.ஓ.வுல ஆப்-ஆம்ப் அவுட்புட்டைப் பார்த்தா... லாரித் தண்ணிக்கு 5 வோல்ட் உச்சம், முழுசா, அழகா. கிணத்துத் தண்ணியில தகட்டை முக்கினதும் அலையோட தலையும் காலும் கத்தியால வெட்டின மாதிரி தட்டை. 2.75 வோல்ட் கிட்ட நிக்குது. போர் தண்ணிக்கு இன்னும் கீழே, 1.75-ல வெட்டு.

"க்ளிப்பிங்! சப்ளை பத்தலை" என்றேன் நான். புத்தகத்துல க்ளிப்பிங்னா சப்ளைதானே? திருச்சிதான் மடக்கினான். "சப்ளை 12. வெட்டுறதா இருந்தா பத்து வோல்ட்டுக்கு மேல வெட்டணும். ஏன் 1.75-ல வெட்டுது? அதுவும் பாட்டிலுக்குப் பாட்டில் ஏன் மாறுது?"

அடுத்து கரன்டைப் பார்க்கலாம்னு 10 ஓம் மேல ப்ரோப் வெச்சோம். (முதல் தடவை ப்ரோபோட கிரவுண்ட் க்ளிப்பை ரெசிஸ்டரோட மேல் முனையில மாட்டிட்டேன். சிக்னல் சுத்தமா காணோம். சி.ஆர்.ஓ.வோட கிரவுண்ட் க்ளிப் நேரா எர்த்துக்குப் போகுது, அதைக் கண்ட இடத்துல மாட்டினா அந்த இடத்தை எர்த்தோட கட்டிப்போட்ட மாதிரி. இந்தத் தப்பைப் பண்ணாதவன் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கலைன்னு அர்த்தம்.) சரியா மாட்டிப் பார்த்தா, கிணத்துத் தண்ணி, உச்சத்துல 250 மில்லிவோல்ட், அதாவது 25 மில்லிஆம்பியர். போர் தண்ணி? அதே 25 மில்லிஆம்பியர்!

வோல்டேஜ் வெட்டு பாட்டிலுக்குப் பாட்டில் மாறுது, கரன்ட் மட்டும் மாறவே மாட்டேங்குது. டேட்டாஷீட்டைப் புரட்டினோம். 741, அவுட்புட் ஷார்ட் சர்க்யூட் கரன்ட், பொதுவா 25 மில்லிஆம்பியர். அந்த வரியை ரெண்டு வருஷமா பார்த்துட்டுத்தான் இருக்கோம். படிச்சதில்லை.

போர் தண்ணியோட ரெசிஸ்டன்ஸ், 10 ஓமையும் சேர்த்து 70 ஓம்தான். 5 வோல்ட் கொடுத்தா 71 மில்லிஆம்பியர் கேட்கும். 741 தன்னைக் காப்பாத்திக்கத் தெரிஞ்ச ஐ.சி. யாராவது அவுட்புட்டை ஷார்ட் பண்ணினாக்கூட எரிஞ்சு போயிடாம, 'இதுக்கு மேல தரமாட்டேன்'னு கையைக் கட்டிக்கும்படிதான் அதைச் செஞ்சிருக்காங்க. கையைக் கட்டிக்கிட்டது. அது பாவம், அது வேலையைச் சரியாத்தான் செய்யுது. கிணறு 45 கேட்டாலும் 25தான், போர் 71 கேட்டாலும் 25தான். அதான் ரெண்டு பாட்டிலும் ஒரே ஜாதகம் மாதிரி தெரிஞ்சது. மீட்டர்ல வந்த கொஞ்சூண்டு வித்தியாசம் தட்டையான அலையோட ஓரச் சரிவுல இருந்து வந்தது.

மணி பத்தேமுக்கால். 'அப்போ பலசாலியைக் கூப்பிடு'ன்னு டிராயர்ல இருந்து எஸ்.எல்.100, எஸ்.கே.100 ஜோடியை எடுத்தோம். தகரத் தொப்பி போட்ட நம்ம லேப் டிரான்சிஸ்டர்கள். ஒண்ணு மேல் பாதி அலையைத் தள்ளும், இன்னொண்ணு கீழ்ப் பாதியை இழுக்கும். மாட்டினதும் கரன்ட் தாராளமா வந்துச்சு. ஆனா அலை பூஜ்ஜியத்தைத் தாண்டுற இடத்துல ஒரு படிக்கட்டு! மேலே போற டிரான்சிஸ்டருக்கு 0.6 வோல்ட், கீழே போறதுக்கு 0.6 வோல்ட் வந்தாத்தான் கண்ணைத் திறக்கும். நடுவுல 1.2 வோல்ட் தூரத்துக்கு ரெண்டு பேருமே தூக்கம்.

இதுக்கு மருந்து புத்தகத்துலயே இருக்கு, நாங்கதான் வயரைத் தப்பான இடத்துல குத்தியிருந்தோம். ஃபீட்பேக்கை ஆப்-ஆம்ப்போட 6-வது கால்ல இருந்து எடுத்திருந்தோம். ஆப்-ஆம்ப் தன் காலை மட்டும் பார்த்துட்டு 'எல்லாம் சரி'ன்னு உட்கார்ந்திருந்தது. ஃபீட்பேக் வயரைப் பிடுங்கி ரெண்டு எமிட்டரும் சேர்ற இடத்துல குத்தினோம், அதாவது தண்ணிக்குப் போற அதே முனையில. படிக்கட்டு காணாமப் போச்சு. 741 அந்த 1.2 வோல்ட்டையும் தானே எகிறித் தாண்டிடுது. மைக்ரோவிநாடிக்கு அரை வோல்ட் ஏறக்கூடிய ஆளு, தாண்ட 2.4 மைக்ரோவிநாடி போதும். அரை அலையே 500 மைக்ரோவிநாடி, யார் கண்ணுக்குத் தெரியப்போகுது?

அவுட்புட்டைத் திரும்பப் பார்த்துத் திருத்திக்கிற இந்த யோசனை, ஹரால்டு பிளாக்குங்கிற பெல் லேப்ஸ் இன்ஜினீயருக்கு 1927 ஆகஸ்ட்ல ஹட்சன் நதியில படகுல வேலைக்குப் போகும்போது தோணுச்சாம். கையில இருந்த நியூஸ்பேப்பர் மேலேயே கிறுக்கி வெச்சாராம். நாம எக்மோர்ல இருந்து தாம்பரம் போறதுக்குள்ள எத்தனை தடவை செல்போனைத் தடவறோம்!

பதினொண்ணரைக்கு ரீடிங். லாரி 69, கிணறு 320, போர் 505. ராம்நாடு நாக்கு ஜெயிச்சது!

கதை இங்கே முடிஞ்சிருக்கணும். காலையில எட்டரைக்கு லேப் திறக்க வந்த அசிஸ்டென்ட் அண்ணன் எங்க பிரெட்போர்டையும் சூடேறின தொப்பிகளையும் பார்த்தார். எங்க வீர வரலாற்றை எல்லாம் பொறுமையா கேட்டார். கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி.

"ஏம்பா தம்பிகளா, தண்ணிக்கு எதுக்கு 5 வோல்ட்டு?"

எதுக்கு 5 வோல்ட்டு? மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். சீனியர் ரிப்போர்ட்டுல 5 இருந்துச்சு. அதான் 5. அவங்களுக்கு அவங்க சீனியர் கொடுத்திருப்பாங்க. 1 வோல்ட் கொடுத்தா போர் தண்ணிகூட 14 மில்லிஆம்பியர்தான் கேட்கும். 741 தனியாவே சிரிச்சுக்கிட்டே தரும். டிரான்சிஸ்டரும் வேண்டாம், படிக்கட்டும் வேண்டாம், கெயின் 5-ம் வேண்டாம். 10 ஓம் மேல வர்ற மில்லிவோல்ட் குறையும், அவ்வளவுதான். அதை மீட்டரோட 200 மில்லிவோல்ட் ரேஞ்சுல தாராளமா படிக்கலாம். ராத்திரி ரெண்டு மணி நேரம் வேர்த்து விறுவிறுத்து நாங்க கட்டினதை அண்ணன் ஒரு கேள்வியில கழட்டிட்டார்.

திருச்சிக்கு மனசே வரலை. "அண்ணே, எமிட்டர்ல இருந்து ஃபீட்பேக் எடுத்திருக்கோம்ணே..." "நல்லா இருக்குப்பா. ஸ்பீக்கர் ஓட்டும்போது போட்டுக்கோ."

கழட்டினோம். 2-வது காலையும் 6-வது காலையும் நேரா சேர்த்து, 1 வோல்ட். தகடு, பாட்டில். லாரி 14, கிணறு 64, போர் 101. கூடவே இந்தத் தடவை ஒவ்வொரு பாட்டிலுக்கும் சி.ஆர்.ஓ.வுல அலையோட தலையைத் தடவிப் பார்த்துட்டுத்தான் நம்பரை எழுதினோம். மூணுமே உருண்டைத் தலை. 5 வோல்ட் கணக்கும் 1 வோல்ட் கணக்கும் ஒரே பதிலைச் சொல்லுச்சு.

அனலாக் சர்க்யூட்டுல கோளாறு கண்டுபிடிக்கிறதுக்குன்னே பாப் பீஸ்னு ஒருத்தர் 1991-ல் முழு புத்தகமே போட்டிருக்கார், 'ட்ரபுள்ஷூட்டிங் அனலாக் சர்க்யூட்ஸ்'. நேஷனல் செமிகண்டக்டர் கம்பெனியில ஐ.சி. வடிவமைச்ச மனுஷன். உங்க லைப்ரரியில தூசி தட்டித் தேடிப் பாருங்க. எங்க லேப் அண்ணன் அதைப் படிச்சிருக்க வாய்ப்பில்லை, ஆனா ரெண்டு பேரும் சந்திச்சிருந்தா நல்லா பேசியிருப்பாங்க.

ரிவ்யூல என் வாய் அடங்கலை. எல்லாரும் ஓடுற சர்க்யூட்டைக் காட்டினாங்க, நாங்க தட்டையான அலையோட போட்டோவையும் காட்டினோம். மார்க் எவ்வளவுன்னு கேட்காதீங்க, சுமார்தான். 'இவ்வளவு தப்பு பண்ணினதை ஏன் சொல்றீங்க'ன்னு ஒரு சார் நிஜமாவே ஆச்சரியப்பட்டார்.

மதியம் ராம்நாடு ஹாஸ்டல் மொட்டைமாடியில நின்னு வீட்டுக்கு போன் போட்டான். ஸ்பீக்கர்ல நாங்களும் கேட்டோம்.

"அம்மா, போர் தண்ணில லிட்டருக்கு 2,500-ல இருந்து 3,500 மில்லிகிராம் வரைக்கும் உப்பு. லிமிட்டைத் தாண்டிடுச்சு. சமைக்க வேண்டாம். கிணத்துத் தண்ணி 2,000 சுத்தி, விளிம்புல நிக்குது. அதுவும் கோடையில ஏறலாம். இது உப்பு எவ்வளவுன்னுதான் சொல்லும், கிருமி இருக்கான்னெல்லாம் சொல்லாது. அதுக்கு டெஸ்ட்டிங் லேப்லதான் கொடுக்கணும்."

"போர் கரிக்குதுன்னு நான்தான் அப்பவே சொன்னேனேடா. அதுக்கா மூணு புள்ளைங்க ராத்திரி முழிச்சீங்க? சாப்டீங்களா இல்லியா?"

சாப்பிடலை. அது அப்புறம். நாங்க மாடியை விட்டு இறங்கும்போதே அடுத்த தலைவலி ஆரம்பிச்சாச்சு. ரிவ்யூல இன்னொரு சார் கேட்டிருந்தார், "வெயில்ல வெச்ச தண்ணிக்கும் இதே ரீடிங் வருமா?" வராது. ஒரு டிகிரி ஏறினா கடத்துதிறன் சுமாரா 2 சதவிகிதம் ஏறும். ஏ.சி. போட்ட லேப்ல அளந்ததும் ராமநாதபுரத்துச் சித்திரை வெயில்ல அளக்கறதும் ஒண்ணாகாது.

இப்போ ராம்நாடு மூணு பாட்டிலையும் மொட்டைமாடியில வெயில்ல அடுக்கி வெச்சிருக்கான். பக்கத்துல கெமிஸ்ட்ரி லேப்ல கெஞ்சி வாங்கின தெர்மாமீட்டர். திருச்சி பிரெட்போர்டை பிரிக்காம அட்டைப்பெட்டியில வெச்சுத் தூக்கிட்டு வர்றான். ஒரு ஐ.சி.யையும் யாரும் இன்னும் மாத்தலை.